வைத்தியர் பதில்: இரவல் ஊசியும் அந்த இரண்டு மணி நேர வயிற்றுக்குத்தும்

கேள்வி: வயது 58, லண்டனில் இருக்கிறேன். பிரசருக்கு மாத்திரை எடுக்கிறேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. உயரம் 152 செ.மீ., நிறை 74 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கும் கணக்கு) 32 என்று கணக்குப் பார்த்து, நிறையைக் குறைத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரச வைத்திய சேவையான என்எச்எஸ்ஸிடம் காசில்லை, இனி எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஒப்பரேசன் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெறாமகளும் அவளின் சிநேகிதியும் பாவித்து முடித்த மவுஞ்சாரோ என்ற நிறை குறைக்கும் ஊசிப் பேனாக்களில் மிச்சம் இருப்பதைச் சிரிஞ்சால் இழுத்து இரண்டு மாதமாகப் போடுகிறேன். 4 கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் மகனுக்குத் தெரியாது. முடி கொட்டுகிறது. நடந்தால் முழங்காலில் சத்தம் கேட்கிறது. செயற்கை மூட்டு பத்து வருடம்தான் தாங்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போன கிழமை ஒரு இரவு மேல்வயிற்றில் குத்தி முதுகுவரை இழுத்தது, இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டது. நான் நடக்க ஏலாமலே போய்விடுவேனா?

பதில்:

அம்மா, கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அந்த வயிற்றுக்குத்து, அதிலிருந்து தொடங்குகிறேன். இனி அந்த ஊசியைத் தொடாதீர்கள். இதை வாசிக்கிற இன்றைக்கே உங்கள் குடும்ப வைத்தியரான ஜிபிக்கு அழையுங்கள். சந்திப்பு கிடைக்காவிட்டால் என்எச்எஸ் உதவி இலக்கமான 111. மேல்வயிற்றில் வந்து முதுகுக்குப் போன வலி என்பதையும், ஊசி போட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊசியை மறைத்து வலியை மட்டும் சொன்னால் நெஞ்செரிவு மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

இந்த வகை மருந்துகளில் கணைய அழற்சி அறியப்பட்ட ஒரு பக்கவிளைவு. அடிக்கடி வருவதில்லை, வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று பித்தக்கல். கிடுகிடுவென்று மெலிகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவது சாதாரணம். அந்தக் கல் நகர்ந்து குழாயை அடைத்தால் வலி இதே இடத்தில்தான் வரும், அதுவே கணையத்தையும் புண்ணாக்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் தானாக விட்டது என்பதால் பித்தக்கல்லாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பை வைத்து உங்களைச் சும்மா இருக்கச் சொல்லமாட்டேன். இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டும். 58 வயது, பிரசரும் இருக்கிறபடியால் ஒரு ஈசிஜியும் எடுக்கத்தான் வேண்டும். இதயத்து வலியும் சில பெண்களுக்கு வயிற்று வலிபோலவே வரும்.

வலி திரும்ப வந்து குறையாமல் இருந்தாலோ, சத்தி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலோ நேரே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவான ஏ அண்ட் ஈக்குப் போங்கள். நிமிர ஏலாத வலி என்றாலோ, நெஞ்சு இறுக்கமோ மூச்சு முட்டலோ வேர்வையோ கூட வந்தாலோ அம்புலன்சுக்கு 999. நடுச்சாமம் என்று விடியும்வரை பொறுத்திருக்காதீர்கள். அந்தப் பேனாக்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மிச்ச மருந்தைப் பற்றி நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் செய்கிற பலரை இப்போது காண்கிறேன். பேனாவில் நாலு டோஸ் முடிந்ததும் அடியில் கொஞ்சம் நிற்கும். அது எறிவதற்கு. அதைச் சிரிஞ்சால் இழுக்கிறவருக்குக் கண்ணில் தெரிவது தண்ணீர் மாதிரி ஒரு துளி மட்டும்தான். எல்லாப் பேனாவிலும் ஒரு டோஸ் 0.6 மில்லிலீற்றர், அதற்குள் 2.5 மில்லிகிராமும் இருக்கலாம், 15 மில்லிகிராமும் இருக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் நாலு கிழமையும் 2.5தான், பிறகு படிப்படியாகத்தான் கூட்டுவது. நீங்கள் எந்தக் கிழமை எவ்வளவு போட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. முதல் பாவித்து 30 நாள் கடந்தால் எறிய வேண்டிய பேனா வேறு. ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவர் பாவிக்கக் கூடாது, இரத்தத்தால் பரவும் கிருமிகள் உள்ளே போயிருக்கலாம். ஆகவே ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனையையும் அதே இரத்தத்தில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடி: வேகமாக மெலிந்ததால் கொட்டுகிறது, திரும்ப வளரும். முழங்கால் சத்தம்: வலி இல்லாத சத்தத்துக்கு அர்த்தமே கிடையாது. செயற்கை முழங்கால்: 25 வருடம் கடந்தும் பத்தில் எட்டு நல்லபடி நிற்கிறது. அந்த வீடியோவை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

இனி நீங்கள் உண்மையில் பயப்படுகிற விசயம். காசுக்காக உங்களைக் கைவிட்டுவிட்டார்களா?

பயம் வெறுமனே வந்ததல்ல. 2016இல், பிஎம்ஐ 30ஐத் தாண்டியவர்களுக்கு அவசரமில்லாத ஒப்பரேசன்களை ஒரு வருடம்வரை தள்ளிப்போட யோர்க் பகுதியில் நிதியைக் கையாண்ட குழு திட்டமிட்டது. சத்திரசிகிச்சை நிபுணர்களின் ரோயல் கல்லூரி பகிரங்கமாக எதிர்த்தது. அடுத்த வருடம் ஹேர்ட்ஃபட்சயரிலும் நிறை குறைக்கும் நிபந்தனை வந்தது. 2022 யூலையில் அந்தக் குழுக்களின் இடத்துக்கு இங்கிலாந்து முழுவதும் 42 பிராந்திய சபைகள் வந்தன. காசு இறுக்கம் மட்டும் விடவில்லை. காத்திருப்போர் பட்டியல் 70 இலட்சத்தைத் தாண்டிய இடத்தில், வாசலில் நிறுத்திவைக்க ஒரு இலக்கம் கிடைத்தால் நிர்வாகத்துக்கு வசதி. பிஎம்ஐ அப்படி ஒரு இலக்கம். 1830களில் பெல்ஜியத்து வானியலாளர் கெட்லே சனத்தொகையின் சராசரி மனிதனைக் கணக்கிடப் போட்ட சூத்திரம் அது. ஒரு தனி ஆளின் முழங்கால் எவ்வளவு நோகிறது, படி ஏற முடிகிறதா என்பதெல்லாம் அதில் இல்லை.

நிறை முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. பிஎம்ஐ 40ஐத் தாண்டினால் காயத்தில் கிருமி தொற்றும் ஆபத்து கூடுகிறது, மயக்க மருந்து கொடுப்பவருக்கும் கஷ்டம். அது வைத்தியக் காரணம். 32க்கு மூட்டு நிபுணரைப் பார்க்கவே விடாமல் மறிப்பதற்கு அப்படி ஒரு காரணத்தை நான் காணவில்லை. நோவால் நடக்க ஏலாது, நடக்காவிட்டால் நிறை குறையாது, குறையாவிட்டால் நோவுக்கு வைத்தியம் இல்லை என்றால் ஒரு மனிதர் எங்கே போவது?

இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை எழுதும் நைஸ், மூட்டுத் தேய்வுக்கு 2022 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டியில், வயது, புகைப்பழக்கம், பிஎம்ஐ போன்ற அளவில் கூடிய நிறை இவற்றைக் காட்டி மூட்டு மாற்றுக்குப் பரிந்துரைப்பதை மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. இலக்கம் என்ஜி226. ஒரு துண்டில் எழுதி எடுத்துப் போங்கள். "என்னை ஏன் அனுப்பவில்லை என்று எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பல இடங்களில் பதிலே மாறுகிறது. மாறாவிட்டால் அந்தக் கடிதத்தோடு உங்கள் பிராந்திய சபைக்கு முறைப்பாடு எழுதலாம். பரிந்துரை கிடைத்தால் எந்த வைத்தியசாலை என்று தெரிவுசெய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு. காத்திருப்பு குறைந்த இடத்தைக் கேளுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு பிஎம்ஐ 27.5 என்றாலே பருமன் என்று எழுதுகிறார்களே என்றும் பலர் கேட்கிறார்கள். தெற்காசியர்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தம் வருகிறது, அதை முந்திக் கண்டுபிடிக்கத்தான் அந்த எல்லை. அதைக் காட்டி ஒருவரின் முழங்காலை மறுப்பது அந்த எல்லையைத் தவறாகப் பிரயோகிப்பது. வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஒரு நூலை உங்கள் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முட்டவில்லை என்றால், அதாவது உங்கள் இடுப்பு 76 செ.மீ.க்கு மேல் என்றால், சீனிப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள்.

ஊசியை என்எச்எஸ்ஸில் கேட்கலாமா என்றால், இப்போதைக்கு உங்களுக்குக் கிடைக்காது. 2025 யூனில் ஜிபிக்கள் வழியாகத் தொடங்கியபோது முதல் கட்டம் பிஎம்ஐ 40, தெற்காசியர்களுக்கு 37.5, அதோடு நிறையோடு தொடர்புடைய நாலு வருத்தங்கள் இருப்பவர்களுக்கு என்று வைத்தார்கள். தகுதியுள்ள எல்லோருக்கும் போய்ச்சேர 12 வருடம்வரை எடுக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. காசு இருக்கிற அளவுக்குத்தான் வாசல் திறக்கிறது. ஆனால் பிரசர் இருப்பதால் 12 கிழமை இணையவழி நிறை குறைப்புத் திட்டத்துக்கு உங்களை அனுப்பலாம், இலவசம், ஜிபியிடம் கேளுங்கள். பிசியோதெரபிக்கு அநேக இடங்களில் நீங்களே பதியலாம். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி முதல் கிழமைகளில் நோவைக் கூட்டும், விட்டுவிடாதீர்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு எழும்பி நடக்கவும் அந்தத் தசைதான் வேண்டும்.

நடப்பீர்கள் அம்மா. 58 வயதில், தேய்ந்த முழங்காலோடு என்னிடம் வருகிற மிகப் பெரும்பாலானோர் நடக்கிறார்கள்.

மகனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் பக்கத்தில் இருந்தால் ஊசிக் கதை உங்கள் வாயில் வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், காசு கேட்கமாட்டார்கள். இன்றைக்கு அழைக்கும்போது அதையும் சொல்லிவிடுங்கள்.