ஸ்பெயின் ஆங்கில அகாடமிகள் தரும் 'ஃபிஹோ டிஸ்கொந்தினுவோ' ஒப்பந்தம் என்றால் என்ன?

வேலை நிரந்தரம், ஆனால் ஆண்டு முழுக்க இல்லை. அதுதான் இந்த ஒப்பந்தம். மத்ரித், செவில்லா போன்ற நகரங்களில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகுதான் அகாடமி வகுப்புகள் நடக்கும். பள்ளிக்குக் கோடை விடுமுறை என்றால் ஆசிரியருக்கும் வேலை இல்லை. முன்பு ஆண்டுதோறும் தற்காலிக ஒப்பந்தம் போட்டுச் சமாளித்தார்கள். 2021 டிசம்பரில் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தம் அதற்குப் பெரும்பாலும் வழியில்லாமல் செய்துவிட்டது.

குத்தகை நிலம் கோடையில் தரிசாகக் கிடந்தாலும் குத்தகை முறிவதில்லையே, அப்படித்தான் இதுவும். வகுப்பில்லாத கோடை மாதங்களில் சம்பளம் வராது. ஆனால் அந்த மாதங்களும் பணிமூப்பில் சேரும். வகுப்புகள் மறுபடி தொடங்கும்போது உங்களை அழைத்தே ஆக வேண்டும். அழைக்காவிட்டால் அது பணிநீக்கம். 20 வேலை நாட்களுக்குள் எதிர்த்து மனுச் செய்ய வேண்டும்.

கோடைக்கு வேலையின்மை உதவித்தொகை உண்டு. வேலை நின்ற 15 வேலை நாட்களுக்குள் செப்பே என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடந்த 6 ஆண்டுகளில் குறைந்தது 360 நாள் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டியிருந்தால்தான் அது கிடைக்கும். அக்டோபர் முதல் ஜூன் வரை வேலை பார்த்தால் சுமார் 270 நாள்தான் தேறும். ஆகவே முதல் கோடைக்கு முன்கூட்டியே பணம் சேர்த்துவையுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 540 நாள் ஆகிவிட்டால் 180 நாள் உதவித்தொகைக்கு உரிமை வரும். மிஞ்சும் நாட்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஜூனில் கணக்குத் தீர்த்தால் வேலையே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஆனால் கணக்குத் தீர்க்கும்போது தரும் தாளில் 'பாஹா வொலுந்தாரியா' என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், அது நீங்களாக விலகும் கடிதம், உதவித்தொகையும் மறு அழைப்பும் சேர்ந்தே போய்விடும்.