மாரியில் ஓடாத பந்து: வீட்டுப் பூல் மேசை பற்றி வாசகர் கேள்விகள்

முன்விறாந்தையை அடைத்து 15 அடிக்கு 12 அடியில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். எட்டடிப் பூல் மேசை போடலாமா?
– கல்லடி வாசகர்

போடலாம், விளையாடத்தான் முடியாது. பூல் என்பது கோலால் பந்தை அடித்து மேசைக் குழிகளில் விழுத்தும் விளையாட்டு. எட்டடி மேசையில் பந்து ஓடும் பரப்பு 88 அங்குலத்துக்கு 44. பந்தை அடிக்கும் கோலான கியூ 58 அங்குலம். குஷனை (மேசை ஓரத்து றப்பர் விளிம்பை) ஒட்டி நிற்கும் பந்தை அடிக்கும்போது கியூ கிட்டத்தட்ட முழுவதும் மேசைக்கு வெளியே இருக்கும். ஆகவே நீளவாக்கில் 88உம் இரண்டு 58உம் சேர்ந்து 204 அங்குலம், அதாவது 17 அடி; அகலவாக்கில் 13 அடி 4 அங்குலம். 78க்கு 39 அங்குல ஏழடி மேசைக்குக்கூட 16 அடி 2 அங்குலமும் 12 அடி 11 அங்குலமும் வேண்டும். ஏழடி மேசையோடு 48 அங்குலக் குட்டிக் கியூ வைத்துக்கொண்டால் 14½ அடிக்கு 11¼ அடியில் அடக்கலாம். பிள்ளைகளுக்கு அது காணும். பெரியவர்களுக்குக் கெதியில் அலுத்துவிடும்.

காசு கொடுக்குமுன் நிலத்தில் சோக்கால் மேசையின் அளவைக் கீறுங்கள். தும்புத்தடிப் பிடியை 58 அங்குலத்துக்கு அளந்து கையில் பிடித்து, நான்கு பக்கமும் குனிந்து பாருங்கள். பிடி சுவரில் இடித்தால் அந்த அறைக்குக் கரம் போட்தான் பொருத்தம்.

துணிக்கு அடியில் எம்.டி.எஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) போட்ட மேசை மலிவாகக் கிடைக்கிறது. சிலேட்டுக்கல் மேசைதான் வேண்டுமா?
– கல்முனை வாசகர்

கடற்கரையோரம் என்றால் ஆம். எம்.டி.எஃப் ஈரத்தை உறிஞ்சி ஊதும். பிறகு காய்ந்தாலும் பழைய மட்டத்துக்கு வராது. சிலேட்டு ஈரம் குடிக்காது. பாரம்தான் சிக்கல். எட்டடி மேசையின் ஓர் அங்குலத் தடிப்புச் சிலேட்டு ஏறக்குறைய 200 கிலோ வரும், பெரும்பாலும் மூன்று துண்டுகளாக. ஏற்றி இறக்கும்போது துண்டைப் படுக்கவிடாமல் விளிம்பில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் வெடிக்கலாம்.

பழைய மேசை பார்க்கப் போனால் பொக்கெற்றில் ஒரு தங்கூசி (நைலான் நூல்) சுருளைக் கொண்டுபோங்கள். மூலைக்கு மூலை இழுத்துக் கட்டி, நடுவில் துணிக்கும் தங்கூசிக்கும் இடையே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று தாழ்ந்து பாருங்கள். துணி கிழிந்திருந்தால் மாற்றலாம், தளம் வளைந்திருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

கார்த்திகை பிறந்தால் பந்து இழுத்து இழுத்து ஓடுகிறது. அதோடு ஒரு பக்கம் சாய்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் இந்தக் கரைச்சல் இல்லை. தச்சர் மேசைக் கால்களுக்கு அடியில் காகித மட்டை வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை.
– அக்கரைப்பற்று வாசகர்

இரண்டும் இரண்டு வருத்தம். பந்து மெதுவாவது துணியால். அது கம்பளித் துணி, மாரியின் ஈரலிப்பைக் குடித்துக் கனக்கும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் சிலேட்டுக்கு அடியில் ஹீற்றர் பூட்டுவதே இதற்காகத்தான். வீட்டில் அவ்வளவு வேண்டாம். பொலித்தீன் உறையை நேரே துணிமேல் போடாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்திப் படங்கு போதும். மழை பெய்யும்போது ஜன்னலைச் சாத்துங்கள். ஏசி இருந்தால் விளையாடுமுன் சில மணித்தியாலம் ‘ட்ரை’ நிலையில் விடுங்கள்.

சாய்வுக்கு முதலில் காரணத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு பந்தை மேசையின் நீளத்துக்கு மெல்ல உருட்டுங்கள். பிறகு மறுமுனையிலிருந்து அதே கோட்டில் திருப்பி உருட்டுங்கள். இரண்டு தடவையும் ஒரே சுவர்ப்பக்கம் போனால் மட்டம் பிழை. ஒருதடவை இந்தச் சுவர், மறுதடவை அந்தச் சுவர் என்றால் துணியின் மயிர் இழுக்கிறது, அல்லது பந்து சமநிலை கெட்டது. வேறு பந்தால் உருட்டினால் எது என்று தெரிந்துவிடும். ஒரே இடத்தில் மட்டும் துள்ளினால் துணிமேல் நகத்தால் தடவுங்கள். சிலேட்டுத் துண்டுகள் சேரும் மூட்டை அடைத்திருக்கும் தேன்மெழுகு உதிர்ந்தோ மேடாகியோ இருக்கும். துணியைக் கழற்றாமல் அதைத் திருத்த வழியில்லை.

மட்டம்தான் பிழை என்றால் நீர்மட்டத்தை நடுவிலும் நான்கு மூலையிலும், நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். உயர்ந்த காலைத் தொடாதீர்கள். தாழ்ந்த கால்களை மட்டும் உயர்த்துங்கள். மட்டை வேலைக்கு உதவாது, பாரத்தில் நசுங்கும், ஈரத்தில் களியாகும். போமிக்காத் துண்டு அல்லது கறல் பிடிக்காத தகடு வையுங்கள். ஜக்கைச் சட்டத்துக்கு அடியில் கொடுங்கள்; குஷன் பலகையைப் பிடித்துத் தூக்கினால் அதன் போல்ட்டுகள் இளகும். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

ஆனால் வெயிலில் தானாகச் சரியாகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஊதிச் சுருங்குவது மரச்சட்டம். மாரியில் மட்டம் எடுத்தால் கச்சானில் மறுபக்கம் சாயும். மட்டை வைக்கப்பட்ட கால்களிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, காய்ந்த மாதமொன்றில் ஒருமுறை மட்டம் எடுத்து விட்டுவிடுங்கள்.

ஒரு குஷனில் மட்டும் பந்து ‘தொப்’ என்று விழுகிறது. றப்பர் மாற்றவேண்டுமா?
– ஏறாவூர் வாசகர்

அவசரப்படாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் அடியிலுள்ள போல்ட் இளகியிருக்கும், உப்புக்காற்றில் கறல் தின்றதாகவும் இருக்கலாம். முறுக்கிப் பாருங்கள், மாற்றுவதானால் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். எல்லாப் பக்கமும் செத்துப்போயிருந்தால் றப்பர் இறுகிவிட்டது. இன்னொன்று, பந்தையும் அளந்து பாருங்கள். 57 மில்லிமீற்றர்ப் பந்துக்கு அமைத்த மேசையில் குஷன் மூக்கு (பந்து மோதும் விளிம்பு) ஏறக்குறைய 36 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். அதில் இரண்டு அங்குலச் சிவப்பு மஞ்சள் பந்தை ஓடவிட்டால் மூக்கு பந்தின் தலையில் அமுக்கும். நல்ல றப்பரும் செத்ததுபோலத்தான் தெரியும்.

பந்தை மண்ணெண்ணெயால் துடைக்கலாமா? கியூ வளைகிறதே?
– பொத்துவில் வாசகர்

மண்ணெண்ணெய் வேண்டாம், இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். கியூவைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையத்தான் செய்யும். நிமிர்ந்து நிற்கும் ராக்கையில் செருகுங்கள், வெளிச்சுவரில் அல்ல, உட்சுவரில்.