பனியில் விழாத தாய்மான்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற வாரம் என் எட்டு வயது மகளோடு ஒரு மான்குட்டியின் கதையான டிஸ்னியின் ‘பேம்பி’ அனிமேஷன் படம் பார்த்தேன். நான் அதைக் கடைசியாகப் பார்த்து முப்பது வருடம் ஆகியிருக்கும். தாய்மான் குண்டடிபட்டுப் பனியில் சாய்வதும், வெண்பனியில் இரத்தம் பரவுவதும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. அந்த இடம் வந்ததும் மகளின் கண்ணைப் பொத்திவிட வேண்டும் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். அப்படி ஒரு காட்சி வரவே இல்லை. குழந்தைகளுக்காகப் பிற்பாடு வெட்டிவிட்டார்களா? இந்தப் படம் உருவான கதை உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இதையெல்லாம் குழந்தையிடம் சொல்லலாமா, சொன்னால் படத்தின் மாயம் கலைந்துவிடுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

யாரும் வெட்டவில்லை. 1942 ஆகஸ்டில் படம் வெளியானபோதும் அந்தக் காட்சி அதில் கிடையாது.

உங்கள் நினைவு பொய் சொன்னதாக வருத்தப்படாதீர்கள். என் நினைவிலும் அந்த உடல் பல வருடம் கிடந்தது. அதன் கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியும். பிறகு அந்தக் கட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். குளிர்காலத்தின் முடிவில், பனிக்கு நடுவே முளைத்த புதுப்புல்லைத் தாயும் குட்டியும் மேய்கின்றன. தாய் சட்டென்று தலையைத் தூக்குகிறது. இரண்டும் ஓடத் தொடங்குகின்றன. திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று தாயின் குரல் மட்டும் பின்னாலிருந்து கேட்கிறது. ஒரு வெடிச்சத்தம். புதருக்குள் பாய்ந்த குட்டி, தப்பித்துவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு திரும்பினால் பின்னால் யாருமில்லை. பனி கனமாகக் கொட்டத் தொடங்குகிறது. குட்டி கூப்பிட்டுக்கொண்டே மரங்களுக்கிடையே அலைகிறது. அவ்வளவுதான். சுட்டவனும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. பெரிய கலைமான் வந்து, அம்மா இனி உன்னோடு இருக்க முடியாது என்று ஒற்றை வாக்கியத்தில் சொல்லிவிட்டு நடக்கிறது.

இந்த அடக்கத்தின் வேர் நாவலில் இருக்கிறது. ஆஸ்திரியரான ஃபீலிக்ஸ் சால்ட்டன் 1923இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நாவல் அது. அங்கேயும் தாயின் சாவு நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. பேம்பி தன் அம்மாவை அதன்பின் பார்க்கவே இல்லை என்பதோடு அந்தப் பகுதி முடிகிறது. மனிதனைக் காட்டு விலங்குகள் ‘அவன்’ என்று மட்டுமே சொல்லும். ஆனால் நாவலின் பிற்பகுதியில் சுடப்பட்டுச் செத்துக்கிடக்கும் ஒரு மனிதனை முதிய மான் பேம்பிக்குக் காட்டுகிறது, ‘அவன்’ எல்லாம் வல்லவன் அல்ல என்று புரியவைக்க. டிஸ்னியின் குழு அதையும் எடுத்துவிட்டது. படம் முழுக்க ஒரு மனித உருவம்கூட இல்லை. மூன்று சுரங்கள் கொண்ட ஓர் இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதுதான் மனிதன். அடுத்தமுறை அதற்காகக் காதைத் தீட்டிவைத்துக்கொள்ளுங்கள். (இப்படி முகமில்லாமல் காட்டியும் அன்றைய அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. வேட்டை இதழ் ஒன்றின் ஆசிரியர், தயாரிப்பாளர் வால்ட் டிஸ்னிக்கே எதிர்ப்புத் தெரிவித்தார்.)

இத்தனையையும் காட்டாமல் விட்டுவிடத் துணிந்தவர்கள், அதற்குமுன் எல்லாவற்றையும் வரையக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் மான்களைப் பாருங்கள், சாக்கு மூட்டைக்குக் கால் முளைத்ததுபோல இருக்கும். பேம்பிக்கு அது போதாது என்று டிஸ்னிக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளைப் புகைப்படம் எடுத்துவர ஓர் ஓவியரை அனுப்பினார்கள். அதே மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகள் ஸ்டுடியோவுக்கே வந்து, ஓவியர்களின் கண்முன்னால் வளர்ந்தன. ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியர் மாலை வகுப்புகளில் மானின் உடற்கூறு கற்பித்தார். செத்த மான்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தோல், தசை, எலும்பு என்று நாள்கணக்கில் அடுக்கடுக்காக உரித்துக் காட்டியிருக்கிறார். நாற்றம் தாங்காமல் வகுப்புக்கு வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்களாம். மானுக்கு மனித முகபாவம் வரவைப்பது இன்னொரு சிக்கல். அனிமேட்டர் மார்க் டேவிஸ் கைக்குழந்தைகளின் முகங்களைப் பார்த்து, அவற்றின் வியப்பையும் கூச்சத்தையும் மான் முகத்தில் ஏற்றினார்.

மான்கள் சரியாகிவிட்டன, காடு சரியாகவில்லை. இலை, கிளை, பட்டை என்று ஒவ்வொன்றையும் நுணுகி வரைந்த பின்னணிகளுக்கு முன்னால் மான் நின்றால் கண் மானிடம் போகவில்லை. இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் மனிதர் வருகிறார்.

டைரஸ் வோங் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 1910இல் பிறந்தவர். சீனர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் இருந்த காலத்தில், 1920இல், வேறொருவர் பெயரில் எழுதிய காகிதங்களோடு அப்பாவுடன் கப்பலேறினார். சான் பிரான்சிஸ்கோ அருகே ஏஞ்சல் தீவில் அந்தச் சிறுவனைத் தனியாக அடைத்துவைத்து விசாரித்தார்கள். ஊரில் விட்டுவந்த அம்மாவை அவர் அதன்பின் வாழ்நாளில் பார்க்கவே இல்லை.

மேலே சால்ட்டனின் நாவல் பற்றி எழுதிய வரியை இப்போது மீண்டும் படியுங்கள். இதை முதலில் அறிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வோங் 1938இல் டிஸ்னியில் சேர்ந்தது இன்-பிட்வீனர் வேலைக்கு. தலைமை அனிமேட்டர் வரையும் இரண்டு முக்கிய அசைவுகளுக்கு இடையே வரவேண்டிய படங்களையெல்லாம் போட்டு நிரப்பும் வேலை. கண் நோகும், பெயர் வராது. பேம்பி தயாராவதைக் கேள்விப்பட்டு நாவலை வாங்கிப் படித்தார். யாரும் கேட்காமலே சின்னச் சின்னக் காட்டு ஓவியங்களைத் தீட்டி எடுத்துவந்தார். சீனத்தின் சோங் அரசவம்சக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களை ஆழ்ந்து பார்த்த கை அது. மூடுபனிக்குள் கரைந்துபோகும் மரங்கள், ஓர் ஒளிக்கீற்று, அதில் ஒரு சின்ன மான். இலைகளைத் தேடினால் கிடைக்காது, ஆனால் காடு இருக்கும். வால்ட் டிஸ்னிக்கு அது உடனே பிடித்துப்போனது. மொத்தப் படத்தின் காடும் அந்தச் சின்ன ஓவியங்களின் வழியில் போயிற்று.

தாய் இறக்கும் கட்டத்தை இதை வைத்துப் பாருங்கள். கொட்டும் பனியில் பாதி அழிந்த மரங்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நாம் அம்மாவைத் தேடுகிறோம். தேடித் தேடி, கிடைக்காத உடலை நீங்களும் நானும் நாமே வரைந்துவிட்டோம். நுணுகி வரைந்த பழைய காடாக இருந்திருந்தால் கண் ஏதாவது ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

படத்தின் பெயர்ப்பட்டியலில் வோங், பின்னணி ஓவியர்கள் பத்துப் பேரில் ஒருவர். படம் வெளிவரும்போது அவர் அங்கே வேலையிலும் இல்லை. 1941இல் ஸ்டுடியோவில் நடந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளாதவர் அவர். இருந்தும் அதன்பின் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு வார்னர் பிரதர்ஸ் படநிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். டிஸ்னி நிறுவனம் தன் பெரும் விருதை அவருக்கு வழங்கியது 2001இல், அவருக்குத் தொண்ணூறு வயது ஆனபின். முதுமையில் காற்றாடி செய்து சான்டா மோனிகா கடற்கரையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தவர், 2016இல் 106ஆம் வயதில் காலமானார்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். லெப்ரனின் வகுப்பை இப்போது சொல்லவேண்டாம், எட்டு வயதுக்கு அது கனம். வோங்கைக் கட்டாயம் சொல்லுங்கள். அவரைத் தெரிந்துகொண்டபின் அந்தக் காட்டில் எனக்கு ஒரு மரம்கூடக் குறையவில்லை. முன்பு மானை மட்டும் பார்த்தவன், இப்போது மானைச் சுற்றியுள்ள வெறுமையையும் பார்க்கிறேன்.

சிறுவயதில் வோங்குக்கு அவர் அப்பா தூரிகை எழுத்துப் பயிற்சி கொடுத்தார். மை வாங்கக் காசில்லை. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துச் செய்தித்தாளில் எழுதச் சொல்வாராம். உங்கள் மகளிடம் ஒரு பழைய நாளிதழையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்து ஒரு மான் வரையச் சொல்லுங்கள். கொம்புக்கு வருவதற்குள் கால்கள் காய்ந்து மறையத் தொடங்கியிருக்கும். மீதி மானை அவள் எப்படி முடிக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.