தோண்டாமல் எப்படித் தெரியும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலவில் மனிதன் துளை போட்டதே சுமார் 3 மீட்டர் ஆழம்தான் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த பத்தியிலேயே 40, 50 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை என்கிறீர்கள். தோண்டாமல் எப்படித் தெரியும்? வெறும் ஊகம்தானே?

பூங்கொடி, நாமக்கல்

அன்புள்ள பூங்கொடி,

ஊகம் இல்லை. கல்லே சொல்கிறது.

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர்கள் செர்னனும் ஷ்மிட்டும் (ஷ்மிட் பாறைகளை ஆராயும் புவியியலாளர்) வாருகோல் போன்ற ஒரு கருவியால் நிலவின் மண்ணை வாரினார்கள். அதில் சிக்கியவற்றில் ஒன்றுதான் 76535 என்று எண்ணிட்ட ட்ராக்டோலைட் கல். சுமார் 155 கிராம், உள்ளங்கையில் அடங்கிவிடும். வயது 420 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பாகை நாட்கணக்கில் அசையாமல் ஆறவிட்டால்தான் கட்டி பெரிதாகும், சட்டென்று ஆறினால் பொடிப்பொடியாகப் போய்விடும். பாறைக் குழம்பும் அப்படித்தான். இந்தக் கல்லில் ஒலிவின், பிளாஜியோகிளேஸ் என்ற இரண்டு கனிமங்களின் படிகங்கள் பல மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன, அதாவது ஆழத்தில் கதகதப்பாக மிக மெதுவாக ஆறியிருக்கிறது. அதைவிட முக்கியமான தடயம், இந்த இரண்டு கனிமங்களும் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரத்தில் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து பைராக்சீன், ஸ்பினல் என்ற வேறு கனிமங்களாகி நூல் நூலாகப் பின்னிக் கிடப்பது. அது எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் நடக்கும் என்று ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். நான் எழுதிய ஆழம் அந்தக் கணக்கில் வந்ததுதான். நிலவு மேலோட்டின் சராசரித் தடிமனே சுமார் 40 கி.மீ.தான் என்பதால், இது ஏறக்குறைய மேலோட்டின் அடித்தளத்துக் கல்!

அப்புறம், நிலவின் மேலோடு ஒரே தடவையில் உருவானதில்லை என்பதும் இதனால் தெரிகிறது. முதலில் உருகிய பாறைக் கடலில் லேசான பிளாஜியோகிளேஸ் பாலாடைபோல் மிதந்து வெளிர் மேலோடாயிற்று. பிறகு கீழிருந்து மக்னீசியம் மிகுந்த குழம்பு அதற்குள் புகுந்து உறைந்தது, நம் கல் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

எனக்குத் தீராத வியப்பு வேறு. விண்கல் மோதித் தூக்கி எறிந்த பாறை என்றால் படிகங்கள் நொறுங்கியிருக்க வேண்டும், இதில் அந்தக் காயமே இல்லை. பெரும் மோதலுக்குப் பின் குழியின் அடித்தளம் எம்பி எழும்போது இது மேலே வந்திருக்கலாம் என்கின்றன கணினி மாதிரிகள்.

நீங்கள் நாமக்கல் என்பதால் ஒன்று. உங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட், நான் சொன்ன அந்த வெளிர் மேலோட்டுப் பாறை வகைதான். அதை அரைத்துத்தான் இஸ்ரோ தன் சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரித்தது. அந்தப் பக்கம் போனால் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்.