கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: நீங்கள் சொன்னீர்களே என்று அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை வாங்கிப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் குடம் தூக்குகிறார்கள். இதில் கதை எங்கே?
- வாசகர், கோவை

பதில்: சிறுவாணித் தண்ணீர் குடிக்கிறவர், அப்படித்தான் கேட்பீர்கள்! நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில், ஏழு குடித்தனத்துக்கு ஒரே அடிபம்பு இருந்த வீட்டில். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் பம்பு பிடிக்கும். அந்தச் சொம்பு யார் வீட்டுத் தண்ணீர் என்று ஆரம்பிக்கிற சண்டை, யார் வீட்டுப் பெண்ணுக்கு ஏன் வரன் அமையவில்லை என்பது வரை போய்த்தான் ஓயும். குடம் தூக்குவதும் கதையும் எங்களுக்குத் தனித்தனி இல்லை.

நாவலின் நாயகி ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். சின்ன வயதில் ஒரு நோயாளி மனிதருக்குக் கழுத்தை நீட்டியவள். ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போவாள். ‘பாவம்’ என்று நாம் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இந்த மனுஷர் ஒரு வாக்கியத்தைக்கூட நம்மை அழவைப்பதற்காக எழுதவில்லை. அதனால்தான் எனக்கு அந்த இடத்தில் தொண்டையை அடைத்தது.

புத்தகம் வந்தது 1973இல். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே, அப்போது மறுபடி எடுத்தேன். லாரிக்காக ராத்திரி 2 மணி வரை முழித்திருந்து, வாசல்படியில் உட்கார்ந்து முடித்தேன். லாரி வரவில்லை.

கேள்வி: கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ தொடங்கினேன். பாதி வார்த்தை புரியவில்லை. என்ன செய்வது?
- வாசகி, வேலூர்

பதில்: வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். அப்படியும் நின்றால், அவரே தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இலேயே வந்துவிட்டது. எனக்கு அது தேவைப்படவில்லை. மாமியார் கோவில்பட்டிப் பக்கம். திட்டு வாங்கியே பாதி அகராதி மனப்பாடம்.

கேள்வி: தி.ஜானகிராமனில் முதலில் எது? ‘மோகமுள்’ளா, ‘அம்மா வந்தாள்’ஆ?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ‘அம்மா வந்தாள்’. இரண்டு நாளில் முடித்துவிடலாம். ‘மோகமுள்’ளை செமஸ்டர் லீவில் எடுங்கள். ரங்கண்ணா பாட்டுச் சொல்லித்தரும் பக்கங்களுக்கு அப்புறம் பரீட்சைக்கெல்லாம் படிக்க ஓடாது.