புது ரெய்டர் தேறுவாரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கபடியில் பெரிய களத்தில் இன்னும் ஆடிப் பழகாத ஒரு ரெய்டரை (பாடிப் போய்த் தொட்டு வருபவரை) எதை வைத்து மதிப்பிடுவது? கனவு அணி (நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எடுக்கும் புள்ளியை வைத்து ஆடும் போட்டி) நடத்துபவர்களும் எழுதியிருக்கிறார்கள், ஊர் அணிக்கு ஆள் தேடுபவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் பத்து நண்பர்கள் புரோ கபடிக்குக் கனவு அணி அமைத்து விளையாடுகிறோம். பேர் பெற்ற ரெய்டர்களை முதல் சுற்றிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் புதுமுகங்களில் ஒருவரை எடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (பாம்பன் வாசகர்)

பதில்: அவர் போகும் அணியில் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் எப்படி என்பது அதற்கு அடுத்ததுதான்.

கணக்கு எளிது. ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. முழு நேரமும் எடுத்துக்கொண்டால் மொத்தம் 80 ரெய்டு, அணிக்கு 40 வரும். இந்த நாற்பதில் முதன்மை ரெய்டர் பதினைந்து, இருபது என்று எடுத்துக்கொள்வார், இரண்டாமவர் பன்னிரண்டு போல. மற்றவர்களும் அவ்வப்போது போவதால், மூன்றாவது ஆளாகப் போகும் புதுமுகத்துக்கு மிஞ்சுவது ஐந்தாறுதான். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஐந்து ரெய்டில் சூப்பர் 10 (ஒரே ஆட்டத்தில் பத்து ரெய்டு புள்ளி) எடுப்பது அரிது.

2022-ல் நடந்த 9-வது சீசனைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. நட்சத்திர ரெய்டர் பவன் ஷெராவத் பெங்களூரு புல்ஸை விட்டு 2.26 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸுக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவருக்கென்று வைத்திருந்த ரெய்டுகள் நரேந்தர் என்ற புதுமுகத்தின் கைக்குப் போயின. அறிமுக சீசனிலேயே அவர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார், தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி கண்டது. பவன் விட்டுப்போன பெங்களூரிலும் இதேதான். அந்த இடத்துக்கென்றே விகாஷ் கண்டோலாவை 1.70 கோடிக்கு வாங்கினார்கள். ஆனால் ரெய்டுகளை எடுத்துக்கொண்டவர் அதற்கு முந்தைய சீசனில்தான் அறிமுகமாகியிருந்த பரத். 279 புள்ளி. ஒரே மனிதர் இடம் மாறியதில் இரண்டு ஊர்களில் இரண்டு இளைஞர்கள் மேலே வந்தார்கள்.

ஆகவே ஏலம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் யாரை விடுவித்தது, அவர் போன சீசனில் எத்தனை ரெய்டு போனார், அந்த எண்ணிக்கையை நிரப்ப எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். எந்தப் பக்கத்து ரெய்டர் போனார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இடப்பக்கம் புகுபவர் இருவர் ஏற்கெனவே இருக்கும் அணியில் மூன்றாவது இடப்பக்க ரெய்டருக்கு வாய்ப்புக் கிடைக்காது.

கேள்வி: டி.வி.யில் ஆட்டம் பார்த்துக்கொண்டே நோட்டில் குறிக்கிறேன். புள்ளி மட்டும் குறித்தால் போதுமா? (கல்லூரி மாணவி, தொண்டி)

பதில்: போதாது. ஒவ்வொரு ரெய்டுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: எதிரில் எத்தனை பேர் நின்றார்கள், முடிவு என்ன (தொடு புள்ளி, போனஸ் கோட்டைத் தாண்டியதற்கான போனஸ், புள்ளியில்லாத வெறும் ரெய்டு, பிடிபட்டது), எத்தனையாவது ரெய்டு (அணியின் இரண்டு வெறும் ரெய்டுக்குப் பின் வரும் மூன்றாவதென்றால், புள்ளி எடுத்தே ஆக வேண்டிய ‘டூ ஆர் டை’), எந்தப் பக்கம் புகுந்தார்.

முதல் கட்டத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கணக்குத் தப்புகிறது. ஒருவர் 18 ரெய்டு போய் 7 தொடு புள்ளி எடுத்து 5 முறை பிடிபடுகிறார். இன்னொருவர் 9 ரெய்டில் 6 தொடு புள்ளி, ஒரே ஒரு முறை பிடிபடுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாமவரே கெட்டி. ஆனால் முதலாமவரை ஆறேழு பேர் சங்கிலி கட்டி நிற்கும்போது அனுப்பியிருப்பார்கள். இரண்டாமவர் மூன்று பேர் மட்டும் மிச்சமிருக்கும்போது போயிருப்பார். களம் விரிந்து கிடக்கும்போது கிடைத்த புள்ளியை வைத்து, அவரை முதன்மை ரெய்டராக்கினால் இரட்டிப்பாக எடுப்பார் என்று நினைக்க முடியாது. ஆறோ ஏழோ பேர் நிற்கும்போது அவர் போன ரெய்டுகளை மட்டும் தனியே கூட்டுங்கள். புதுமுகத்தின் உண்மையான தரம் அந்த வரிசையில்தான் தெரியும்.

பிடிபடுவதை வெறும் ஒரு புள்ளி நஷ்டமாக எண்ணாதீர்கள். வெளியே போனவர் திரும்பி வரத் தன் அணி தொடு புள்ளியோ பிடி புள்ளியோ எடுக்க வேண்டும். அதுவரை அவருக்கு ரெய்டே கிடையாது. ஐந்து முறை வெளியே உட்கார்ந்தவரின் ரெய்டு எண்ணிக்கை தானாகவே சுருங்கும்.

கேள்வி: எங்கள் போட்டியில் தொடு புள்ளிக்கு 4, போனஸுக்கு 2, பிடிபட்டால் கழித்தல் 2. போனஸ் எடுப்பவரை நம்பலாமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: உங்கள் விதிப்படி அவர் துணைக்கு ஆவார், அணியைத் தாங்க மாட்டார். ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது மட்டுமே போனஸ் உண்டு. எதிரணியில் இருவர் வெளியே போய்விட்டால் அவருடைய ஆயுதம் செல்லாது.

ஆனாலும் போனஸ் எடுக்கும் விதம் ஒருவரின் கால் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர். அதைத் தாண்டி ஒரு கால் ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அந்த நொடியில் முன்காலில் முழு எடையையும் இறக்கிவிடுபவரால் அந்தக் காலை உடனே இழுக்க முடியாது. கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கக் காத்திருப்பது அதற்குத்தான். நல்ல ரெய்டரின் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும், இடுப்பு நடுக்கோட்டுப் பக்கமே இருக்கும். மெதுவாக ஓடும் மறு ஒளிபரப்பில் இடுப்பைப் பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: மின்னொளிக் கபடிப் போட்டி ஒன்றில் 17 வயதுப் பையன் ஒருவன் வெளுத்து வாங்கினான். விசைப்படகில் வேலைக்குப் போகிறான். பெரிய அணிகளின் தேர்வுக்கு அனுப்பலாமா? கடற்கரை மணலில் ஆடிப் பழகியவன் மேட்டில் (‘மேட்’ விரிப்பில்) தேறுவானா? (ஊர் அணிப் பொறுப்பாளர், ராமேஸ்வரம்)

பதில்: அனுப்பலாம். அதற்கு முன் சிலவற்றைச் சோதித்துவிடுங்கள், ஏனென்றால் களம் மாறினால் ஆட்டக்காரரும் மாறிவிடுவார்.

காய்ந்த மணலில் கால் புதைவதால் திடீரெனத் திரும்ப முடியாது. தோள் பலமும் தொடை பலமும் உள்ளவர்கள் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவார்கள். கெட்டித் தரையில் வேறு கதை: விழுந்தால் சிராய்க்கும் என்று பிடிப்பவர்கள் பாயத் தயங்குவார்கள், அதனால் சுமாரான ரெய்டர்கூடப் பெரிய ஆளாகத் தெரிவார். மேட்டில் அந்தத் தயக்கமே இல்லை. கணுக்கால் பிடி, தொடைப்பிடி, மோதித் தள்ளும் டேஷ் எல்லாம் முழு வேகத்தில் வரும். ஷூ பிடிமானம் தருவதால் ரெய்டரும் சட்டென வெட்டித் திரும்பலாம், ஆனால் அந்த இழுப்பு முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். பையன் இதுவரை வெறுங்காலில் ஆடியவன் என்றால் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே ஷூ போட்டு மேட்டில் ஆடவிடுங்கள். அருகில் மேட் இல்லையென்றால் உள்ளரங்கம் இருக்கும் பள்ளி, கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

சோதனை இப்படி. 13-க்கு 10 மீட்டர் களத்தைச் சுண்ணாம்பில் போடுங்கள். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பி வர 9.5 மீட்டர். இதை 30 விநாடி இடைவெளியில் ஆறு முறை ஓடச் சொல்லி, போனஸ் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் பிடியுங்கள். முதல் ஓட்டத்தின் வேகம் பெரிதில்லை. ஆறாவதில் எவ்வளவு தளர்கிறான், திரும்பும்போது பாதம் வழுக்குகிறதா, ‘கபடி கபடி’ என்ற பாட்டு அறுந்துபோகிறதா என்பதே முக்கியம். பாட்டு அறுந்தால் அவுட். அடுத்து ஆறு பேரை நிறுத்தி பத்து ரெய்டு. ஐந்தாவதுக்குப் பிறகு கார்னர்கள் இரண்டையும் இடம் மாற்றி நிறுத்துங்கள். ஒரே பக்கம் மட்டும் புகத் தெரிந்தவன் அங்கே தடுமாறுவான்.

ஒரு விஷயத்தில் பையனிடம் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். உங்கள் ஊரில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கரையேறிய அன்று சாயங்காலம் சோதிக்காதீர்கள். தூக்கமில்லாத உடம்பில் முதலில் போவது கால் வேகம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தொடர்ந்து பயிற்சி கொடுக்கவும் ஓய்ந்த உடம்போடு ஆடவிட்டுப் பார்க்கவும் அந்த 61 நாள் போல வாய்ப்பு வேறு கிடைக்காது.

17 வயது நல்ல வயது. எடை குறைவாக இருந்தாலும் கவலை வேண்டாம், எலும்பும் சதையும் இனிமேல்தான் கூடும். 26 வயதில் உள்ளூரில் வெளுத்து வாங்குபவரைவிட 17 வயதில் பெரியவர்களுக்கு நடுவே சமாளிப்பவருக்கே மதிப்பு அதிகம். 2018-ல் டெல்லி அணிக்கு அறிமுகமானபோது நவீன் குமாருக்கு 18 வயது. அடுத்த சீசனிலேயே தொடர்ந்து 21 ஆட்டங்களில் சூப்பர் 10 எடுத்தார்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணன் அங்குள்ள ஃபேண்டஸி ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்துக் கனவு அணி) குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். புதிதாக வரும் ‘ரன்னிங் பேக்’ ஆட்டக்காரர்களில் யாரை எடுப்பது என்று தலை சுற்றுகிறது. கபடி மட்டுமே தெரிந்தவனுக்கு வழி உண்டா? (கீழக்கரை வாசகர்)

பதில்: உண்டு. ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர். வேலை கிட்டத்தட்ட ரெய்டருடையதுதான், மதிப்பிடும் முறையும் ஒத்துப்போகிறது.

எத்தனை முறை பந்து கைக்கு வரும் என்பதே முதல் கேள்வி. 2017-ல் கன்சாஸ் சிட்டி அணியின் ஸ்பென்சர் வேர் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் காயத்தால் விலகினார். புதுமுகத் தேர்வின் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட கரீம் ஹன்ட் அந்த இடத்துக்கு வந்து 1,327 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் அதுதான் அதிகம். நரேந்தர் கதைதான், களம் வேறு.

இரண்டாவது, எந்தச் சுற்றில் எடுத்தார்கள். அணிகள் புதுமுகங்களை எடுக்க ஏப்ரலில் நடக்கும் தேர்வில் 32 அணிகள், 7 சுற்றுகள். முதலிரண்டு சுற்றில் எடுத்தவரை அணி எளிதில் ஓரங்கட்டாது, ஏனென்றால் அவருக்காக வேறொருவரை விட்டுக்கொடுத்திருக்கிறது. எவருமே தேர்ந்தெடுக்காமல் வந்த ஏரியன் ஃபாஸ்டர் 2010-ல் 1,616 கெஜம் ஓடி முதலிடம் பிடித்ததும் உண்மை. ஆனால் அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே தேடி எடுப்பதைவிட, சீசன் நடுவே இடம் காலியாகும்போது எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, எடையோடு சேர்ந்த வேகம். 40 கெஜ ஓட்ட நேரத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. பவுண்டில் உள்ள எடையை 200-ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுப்பார்கள். 100 வந்தால் சராசரி. 4.45 விநாடியில் ஓடும் 195 பவுண்டுக்காரருக்கு 99.5 வரும், அதே நேரத்தில் ஓடும் 220 பவுண்டுக்காரருக்கு 112. 2018-ல் வந்த சக்வான் பார்க்லி 233 பவுண்டு எடையோடு 4.40-ல் ஓடியவர், அவருக்கு 124.

நான்காவதைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள்: வீசும் பந்தைப் பிடிப்பாரா? பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி தரும் குழுவானால் இது பெரிய வருமானம். பார்க்லி முதல் ஆண்டில் 91 பந்து பிடித்தார், அதிலேயே 91 புள்ளி. இதோடு பந்து வீசுபவரை நோக்கிப் பாய்ந்து வருபவரைத் தடுத்து நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத புதுமுகத்தைப் பந்து வீசும் தருணங்களில் பயிற்சியாளர் வெளியே எடுத்துவிடுவார், பிடிக்கும் வாய்ப்பும் கூடவே போய்விடும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதிய ஆட்டங்கள் நமக்கு இரவு 10.30-க்குத் தொடங்கும், நவம்பர் முதல் வாரம் கடிகாரத்தை மாற்றிய பிறகு 11.30. ஆடாதவர்கள் பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரும். அதைப் பார்க்காமல் படுக்கப் போகாதீர்கள்.

கேள்வி: முதல் சீசனில் கலக்கியவரை அடுத்த சீசனிலும் நம்பலாமா? (ஏர்வாடி வாசகர்)

பதில்: உடம்பையும் கூட இருப்பவர்களையும் பார்த்துச் சொல்ல வேண்டும். 6-வது சீசனில் 218 ரெய்டு புள்ளியோடு அறிமுகமான சித்தார்த் தேசாய் அடுத்த சீசனிலும் அதே அளவு எடுத்தார், 8-வது சீசனில் காயத்தால் சில ஆட்டங்களோடு நின்றுபோனார். நவீனுக்கும் முழங்கால் 10-வது சீசனைப் பறித்தது. முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனவர் திரும்பவே ஒன்பது மாதம் பிடிக்கும், பழைய துணிவு வர இன்னும் நாளாகும். நரேந்தருக்கோ ரெய்டுகளைப் பங்குபோட ஆட்கள் வந்தார்கள். 11-வது சீசனில் தலைவாஸ் ரெய்டர் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தது நினைவிருக்கும்.

கேள்வி: பணம் கட்டி ஆடும் செயலியில் இந்தக் கணக்கெல்லாம் உதவுமா? (வாலிநோக்கம் வாசகர்)

பதில்: வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. நண்பர்களுக்குள் காசில்லாமல் ஆடுங்கள்.

கேள்வி: எங்களுக்குள் ஆளுக்கு 100 கிரெடிட் ஏலம். புதுமுகங்களுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? (மண்டபம் வாசகர்)

பதில்: பதினைந்துக்கு மேல் போகாதீர்கள். அதையும் ஒருவர் தலையில் கொட்டாமல் வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த இருவருக்குப் பிரியுங்கள். இருவரில் ஒருவராவது, எந்த அணியின் முதன்மை ரெய்டருக்குப் பழைய காயம் இருக்கிறதோ அந்த அணியின் இரண்டாவது ஆளாக இருக்கட்டும். நான்கு ஆட்டம் பொறுங்கள். அதற்குள் ஆட்டத்துக்கு எட்டு ரெய்டாவது கிடைக்கவில்லையென்றால், புள்ளி எவ்வளவு எடுத்திருந்தாலும் விட்டுவிட்டு வேறு ஆளை எடுங்கள். புள்ளி குறைவு, ஆனால் பன்னிரண்டு ரெய்டு போகிறார் என்றால் இன்னும் நான்கு ஆட்டம் வைத்திருங்கள்.