கன்றின் தகப்பனை டிஎன்ஏ சோதனை காட்டுமா?

கேள்வி: தாயும் கன்றுமாகப் புலிக்குளம் மாடு ஒன்று வாங்கினேன். சிராவயல் மஞ்சுவிரட்டில் பிடிபடாத காளைக்குப் பிறந்த கன்று என்று சொல்லி, விலையைக் கூட்டி வாங்கிவிட்டார்கள். அதை வளர்த்துப் பொலிகாளையாக விட நினைக்கிறேன். என்னிடம் உள்ள இரண்டு கிடேரிகளும் அதே காளைக்குப் பிறந்தவை என்று பேச்சு. டிஎன்ஏ சோதனையில் உண்மை தெரியுமா? பின்னால் வரும் நோயையும் அதிலேயே பார்த்துவிடலாமா? (விவசாயி, காரைக்குடி வட்டாரம்)

பதில்: தகப்பனைப் பார்க்கலாம். நோயை அந்தச் சோதனையில் பார்க்க முடியாது.

மாட்டின் டிஎன்ஏவில், இரண்டு முதல் ஆறு எழுத்துள்ள (எழுத்து என்பது டிஎன்ஏவின் ஒரு வேதி அலகு) சிறு துண்டு ‘சிஏ சிஏ சிஏ’ என்று அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் ஏராளம். மைக்ரோசாட்டிலைட் என்பது இவைதான். துண்டு எத்தனை முறை திரும்புகிறது என்பது மாட்டுக்கு மாடு மாறும். அதற்கேற்ப அந்த இடத்தின் நீளமும் மாறும். கன்றுக்குத் தாயிடமிருந்து ஒரு நீளமும் தகப்பனிடமிருந்து ஒரு நீளமும் வரும். ஐதராபாத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங், ஆளை அடையாளம் காணும் டிஎன்ஏ கைரேகை முறையை உருவாக்கியது, பட்டைக் கட்டுவிரியன் பாம்பில் கண்ட இத்தகைய திரும்பும் துண்டுகளை வைத்துத்தான். பாம்பில் கிடைத்தது மாட்டுக்கும் மனிதனுக்கும் உதவியது!

இடிஎச்225 என்ற இடத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, தாய்ப்பசுவின் நீளங்கள் (எழுத்துக் கணக்கில்) 140, 148. கன்றுக்கு 144, 148 என்று வைத்துக்கொள்ளுங்கள். 148 தாய் கொடுத்தது. தாயிடம் 144 இல்லாததால் அது தகப்பன் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காளையிடம் 150, 158 மட்டுமே இருந்தால் சந்தேகம் எழும். ஓரிடத்தில் பொருந்தாததை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். தலைமுறை மாறும்போது நீளம் அபூர்வமாகப் பிசகுவதும் உண்டு. மாடுகளின் பெற்றோர் சோதனைக்குச் சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்படும் இடங்கள் 12. அவற்றில் இரண்டு, மூன்றில் ஒத்துவராவிட்டால் அந்தக் காளை தகப்பன் அல்ல.

எல்லா இடங்களிலும் பொருந்தினால்? ‘இதுதான் தகப்பன்’ என்று மிகுந்த நம்பிக்கையோடு சொல்லலாம். ஆனால் உங்கள் மாடு கிடையில் வளர்ந்த மாடு. ஒரே கிடையில் அண்ணன் தம்பிக் காளைகள் இரண்டு இருந்தால் இருவருக்கும் பல நீளங்கள் ஒன்றாகவே இருக்கும். அப்போது 12 போதாது. கூடுதல் இடங்களையோ எஸ்என்பி எனப்படும் ஒற்றை எழுத்து மாற்றங்களையோ பார்க்கச் சொல்லுங்கள். கோயில் காளை இரவில் கிடைக்குள் புகுந்துபோயிருந்தால் கிடைக்காரருக்கே தெரிந்திருக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

மாதிரி எடுப்பது எளிது. வால் குஞ்சத்திலிருந்து முப்பது, நாற்பது முடிகளை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்தால் பயனில்லை, டிஎன்ஏ இருப்பது வேரில். ஈரமில்லாமல் காகித உறையில் போட்டு மாட்டின் அடையாளத்தை எழுதுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். அடுத்த மாட்டைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள். பெற்றோர் சோதனை குஜராத் ஆனந்தில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்தில் உண்டு. உங்கள் கால்நடை மருத்துவர் வழியாகக் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய காளையின் முடியும் அவசியம். அதன் சொந்தக்காரர் தர மறுத்தால், அதுவே ஒரு பதில்தான்.

நோய் விஷயத்துக்கு வருவோம். இந்தத் திரும்பும் துண்டுகளில் பெரும்பாலானவை சாலையோர மைல்கல்போல. ஓர் இடத்தைக் காட்டுமே தவிர அவை ஊர் ஆகிவிடாது. சில இடங்களில் மட்டும் துண்டு அளவுக்கு மீறிப் பெருகுவதே நோய். மனிதரில் மூளையைப் பாதிக்கும் ஹன்டிங்டன் நோய் அப்படிப்பட்டது. அதன் மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது. சிஏஜி துண்டு 40 முறை அல்லது அதற்கு மேல் திரும்பினால் நோய் வரும். உங்கள் கன்றுக்குப் பார்க்கும் 12 இடங்கள் அந்த வகை அல்ல. கோமாரியும், மாட்டுக்கு வரும் பெரியம்மையும் (தோல் கழலை நோய்) கிருமியால் வருபவை. அதற்குத் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். மஞ்சுவிரட்டுத் துணிச்சலையும் எந்த ஆய்வகமும் அளந்து தராது. கூட்டிக் கொடுத்த விலையை நியாயப்படுத்த மட்டும் என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

ஆனால் கிடேரிகளுக்காகக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பேன். மூன்றும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை என்றால், அவற்றைச் சேர்ப்பது ரத்த உறவு இனச்சேர்க்கை. பிறக்கும் கன்றின் உள்ளினப்பெருக்கக் குணகம் (ஒரே மூதாதையின் மரபணு தாய் வழியும் தகப்பன் வழியும் இரட்டையாக வந்துசேரும் வாய்ப்பு) 12.5 சதவீதம். கன்றுச் சாவும் சினைப் பிடிப்புக் குறைவும் அங்கேதான் தொடங்கும். காளையின் முடி கிடைக்காமல், கன்றையும் கிடேரிகளையும் மட்டும் வைத்து இந்த உறவை 12 இடங்களில் உறுதிப்படுத்துவது கடினம். அப்படியானால் உறவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு, வேறு கிடைக்காரரிடம் பேசிக் காளையை மாற்றிக்கொள்ளுங்கள்.